லலிதாவை அனுப்பிராதீக

வெந்நீரில் கொஞ்சம் பனங்கற்கண்டு போட்டுக் குடித்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொண்டை கட்டாமல் சத்தமாகப் படிக்கலாம், ஐயா. நான் அப்படித்தான் சமாளித்து வருகிறேன். நீங்களும் காலையிலிருந்து ஆட்களை விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்கள், குரல் கம்மிப் போயிருக்கிறது. வேண்டுமானால் குடித்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வெடிச்சரம் பின்னுகிற வீரலட்சுமியை அன்றைக்கு வெடிமருந்து செலுத்துகிற அறைக்கு ஏன் அனுப்பினாய் என்று கேட்டீர்கள். ஆள் குறைவு, அதனால் மாற்றினேன் என்று நான் சொல்லியிருந்தால் நீங்களும் எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள். நேற்று வரைக்கும் அப்படிச் சொல்வதாகத்தான் இருந்தேன். நேற்றுச் சாயங்காலம் ஒரு நல்ல சேதி காதில் விழுந்தது. அதிலிருந்து மனசு லேசாகிவிட்டது. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

என் பெயர் கண்ணுச்சாமி. விஸ்வநத்தம் பக்கத்தில் இருக்கும் இந்தப் பட்டாசுக் கம்பெனியில் மேஸ்திரி. எந்தக் கொட்டகையில் யார் உட்கார வேண்டும் என்று காலையில் சொல்கிறவன் நான்தான். எட்டாவது வரை படித்திருக்கிறேன். பின்னல் கொட்டகைப் பெண்களில் ஒருத்திக்கும் அப்போது எழுத்து தெரியாது. பசை மாவு வாங்க வாராவாரம் விருதுநகர் போகிறவன், ரயிலடிக் கடையில் ஒரு வாரப் பத்திரிகையும் வாங்கிக்கொண்டு வருவேன். அதில் ஒரு துப்பறியும் தொடர்கதை வந்தது. ஒரு நாள் பொழுது போகாமல் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். வெடியைக் கோத்துப் பின்னுவதற்குக் கண்ணும் கையும் போதும். காது சும்மாதானே இருக்கிறது. கதை கேட்ட நாளில் சரம் கூடுதலாக விழுந்தது. முதலாளி வாசலில் நின்று பார்த்தார், நிறுத்தாதே, படி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சந்திரசூடன் என்று ஒரு துப்பறிகிறவர். அவருடைய மனைவி லலிதா. யாரோ அவளைக் கொன்றுவிட்டார்கள். ஆனாலும் அவள் அவரை விட்டுப் போகவில்லை, ஆவியாகக் கூடவே இருக்கிறாள். செத்தவர்களிடம் பேசிவிட்டு வந்து அவருக்குத் துப்புச் சொல்வாள். அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள். வீட்டில் ஒரு சமையல்காரர் உண்டு, எதையோ மறைக்கிற ஆள். சந்திரசூடன் தம்முடைய இடது கையில் எப்போதும் கறுப்பு உறை மாட்டியிருப்பார். தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டார். ஏன் என்று எழுதியவர் மூச்சே விடவில்லை.

அந்தக் கையுறை எங்கள் கம்பெனியைப் பாடாய்ப் படுத்திவிட்டது. பின்னல் கொட்டகை முத்துப்பேச்சிக்கு அதில் சந்தேகமே கிடையாது. சந்திரசூடன் முன்னால் சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலை பார்த்தவர், வெள்ளி மருந்து ஏறிய கை எத்தனை சோப்புப் போட்டாலும் வெளுக்காது, அதனால் மூடிக்கொண்டு திரிகிறார் என்றாள். சொல்லிவிட்டுத் தன் கையையே சாட்சிக்கு நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிற குருவம்மாள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு ஆறு விரல், வெட்கப்பட்டு மறைக்கிறார் என்றாள். இதில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று போனது. பசைத் தட்டை நகர்த்தச் சொல்வதற்குக்கூட நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. சந்திரசூடன் மேல் குண்டு பாய்ந்த வாரம் குருவம்மாள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அடுத்த வாரம் அவர் பிழைத்துக்கொண்டார். அவள் ஊரில் போய்ப் பொங்கல் வைத்து, எனக்கும் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொண்டுவந்தாள். நல்ல நெய் வாசனை.

வீரலட்சுமி அதிகம் பேசமாட்டாள். எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு, தலையை நிமிர்த்தாமல் ஒன்று சொன்னாள்.

"அந்தக் கையாலதான் அவரு லலிதா கையைப் பிடிச்சு நடக்காரு அண்ணாச்சி. அவ செத்தவ, கை சில்லுன்னு இருக்கும். வெறுங்கையாப் பிடிச்சா அவருக்குக் குளிரும். குளிருதேன்னு கையை எடுத்துட்டா அவ மனசு சங்கடப்படும். அதுக்குத்தான் உறை."

முத்துப்பேச்சி மூக்கைச் சிந்தினாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சீனாக்காரனோடு சண்டை வந்த சமயத்தில் தொடரை முடித்துவிட்டார்கள். எப்படி முடித்தார்கள் தெரியுமா? லலிதா ஆவியே இல்லையாம். அவளோடு இரட்டையாய்ப் பிறந்த தங்கையாம். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு இத்தனை நாளாக நடித்தாளாம். கையுறைக்குள் ஒரு பழைய தீக்காயமாம், அவ்வளவுதான். விருதுநகர் ரயிலடியில் நின்றபடியே படித்தேன். பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பி விட்டதுபோல இருந்தது. இதையா போய் அந்தப் பெண்களிடம் படிப்பது? பொங்கல் வைத்தவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அதனால் படிக்கவில்லை. மறுநாள் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு என் மனசிலிருந்து சொன்னேன். முதல் நாள் கொஞ்சம் உதறல் இருந்தது. பிறகு மளமளவென்று வந்தது. சந்திரசூடனைத் தனுஷ்கோடிக்கு அனுப்பினேன், சமையல்காரரை நல்லவராக்கினேன். கையுறைக்கு வீரலட்சுமி சொன்ன காரணத்தையே வைத்துக்கொண்டேன். அதைச் சொன்ன நாளில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அவள் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டாள். எழுதியவருக்கும் தனக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது என்று நினைத்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதங்கள்தான் ஐயா என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். வீட்டில் நான் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே நான் இருமினால்கூட, இருமியது சந்திரசூடனா என்று கேட்பார்கள்.

அப்புறம் விஸ்வநத்தத்தில் பஞ்சாயத்தார் முதியோர் பள்ளி ஆரம்பித்தார்கள். வீரலட்சுமி போய்ச் சேர்ந்தாள். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. வெடிக் கட்டின் மேல் ஒட்டுகிற லேபிளைத்தான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதற்கப்புறம் பஸ்ஸில் எழுதியிருப்பது, சுவரில் எழுதியிருப்பது எல்லாவற்றையும் படித்தாள். ஒரு நாள் தண்ணீர் கொடுக்க வந்தவள் என் பக்கத்தில் நின்று, மடியில் இருந்த பத்திரிகையை எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு ராஜா குதிரையில் போகிற படம் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, சந்திரசூடன் கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்த கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழுத்தின் மேல் கண்ணை ஓட்டினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தச் சிரிப்பு எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. பொய்க்காரன் என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும், கொட்டகை முழுக்கச் சிரிக்கும். முதலாளி சிரிப்பார், லோடு ஏற்றுகிறவன்கூடச் சிரிப்பான். அதைவிட, கதை செத்துப்போகும். லலிதாவை அந்த எழுத்தாளர் ஒரு தடவை கொன்றுவிட்டார். இன்னொரு தடவை நான் விடமுடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

சில நாள் கழித்து, வேலை முடிந்து கிளம்பும்போது எல்லார் காதிலும் படும்படி அவள் கேட்டாள்.

"அண்ணாச்சி, கதையப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்கு மத்தியானம் எல்லாரும் இருக்கும்போது சொல்லுதேன். கோவிச்சுக்கிடாதீக."

சரி, சொல்லு தாயி என்றேன். கோபமெல்லாம் ஒன்றும் வரவில்லை. எனக்குச் சட்டென்று கோபம் வராது, இங்கே யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நாளை மத்தியானத்துக்குள் இதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

முதல் நாள் மிஞ்சிய மருந்தை மறுநாள் எடுக்கக்கூடாது, தானாகவே பற்றிக்கொள்ளும், குழியில் கொட்டிவிட வேண்டும். இது மருந்து செலுத்துகிறவர்களுக்கெல்லாம் தெரியும். பின்னுகிறவர்களுக்குத் தெரியாது. அதிலும் இது அக்கினி வெயில். அந்த அறையில் வழக்கமாக உட்காருகிற சுடலையை லோடு ஏற்ற ஆமத்தூருக்கு அனுப்பிவிட்டேன். வீரலட்சுமியை அங்கே போகச் சொன்னேன். தனியாகப் போகத் தயங்கினாள். அது நியாயம்தான், புது இடம். துணைக்குக் குருவம்மாளையும் அனுப்பினேன். மருந்து காலையில் கலந்தது, முதலில் இதைக் காலி பண்ணுங்கள் என்றேன். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். கதை தொடங்கும் முன்னால் கூப்பிட ஆள் அனுப்புங்கள் என்று குருவம்மாள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

குருவம்மாள் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. அவளைப்போல உம் கொட்டிக் கதை கேட்பவர்கள் குறைவு.

நான் பின்னல் கொட்டகைக்கு வந்து, அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டேன். சத்தம் கேட்டபோது லலிதா கிணற்றடியில் நின்று சந்திரசூடனைக் கூப்பிடுகிற கட்டம். அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம். பிறகு எல்லாரோடும் சேர்ந்து நானும் ஓடினேன், தண்ணீர் ஊற்றினேன். அழுகையும் வந்தது, அது நடிப்பில்லை. அறை இருந்த இடத்தில் சுவர் ஒன்று மட்டும் நின்றது. மிச்சத்தை நீங்களே பார்த்தீர்கள்.

அதற்கப்புறம் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. வேர்க்கிற காலம், வெடிக்கிற சரக்கு, விதி என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு இருந்த குறை வேறு. வீரலட்சுமி வீட்டுக்கும் குருவம்மாள் வீட்டுக்கும் துக்கம் கேட்கப் போனபோது பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒருத்திகூடச் சந்திரசூடன் என்ன ஆனார் என்று கேட்கவில்லை. கிணற்றடியில் நிற்கிறவளை அப்படியே விட்டுவிட்டார்கள். இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றுச் சாயங்காலம் முத்துப்பேச்சி என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே அழுதாள். கம்பெனி திறந்ததும் கதையை மறுபடி சொல்ல வேண்டும், விட்டுவிடக்கூடாது என்றாள். அந்தப் பத்திரிகை இப்போது சரியாகக் கிடைப்பதில்லையே என்று பேச்சுக்குச் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"பத்திரிகை எதுக்கு அண்ணாச்சி? அது எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு எங்களுக்குத் தெரியும். வீரலட்சுமி எழுத்துப் படிச்ச புதுசுலயே பழைய புஸ்தகத்தைத் தேடிப் பிடிச்சுப் படிச்சுட்டா. தங்கச்சியாம்ல, நல்லாவே இல்லைன்னா. மேஸ்திரி சொந்தமாச் சொல்லுதாக, இதுதான் நெசமான கதை, யாரும் காட்டிக்கிடாதீக, வெக்கப்பட்டு நிப்பாட்டிருவாகன்னு எங்க எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கிட்டா."

அப்படியென்றால் என்னிடம் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டேன்.

"நீங்க கதையை முடிக்கப் போறீகளோன்னு அவளுக்குப் பயம். கொலைகாரனைக் கண்டுபிடிச்சுட்டா லலிதா மேல போயிருவாள்ல. லலிதாவை அனுப்பிராதீகன்னு உங்ககிட்ட எல்லாருமாச் சேந்து கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா, பாவி மக."

நீங்கள் யோசித்துப் பாருங்கள், ஐயா. அச்சில் வந்த கதையை எழுத்துக்கூட்டிப் படித்த ஒருத்தி, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு என் கதைதான் நிஜம் என்று சொல்லியிருக்கிறாள். எத்தனை எழுத்தாளருக்கு இப்படி வாய்க்கும்? ஆமாம், மருந்து பழசு என்று தெரிந்துதான் அனுப்பினேன், அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்தப் பாராட்டை அவள் வாயாலேயே கேட்டிருப்பேன். எனக்கு இருக்கிற குறை அது ஒன்றுதான்.