கையைத் தூக்காதேங்கோ தம்பி

...கதிரை ஒண்டு, வாங்கின ஆள் ரெண்டு! எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறீங்களே தம்பி? நூறாம் நம்பர் பஸ்காரனும்தான் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன", முன்னுக்குப் போங்கோ எண்டு வெள்ளவத்தையில இருந்து கோட்டை மட்டும் சனத்தை அடைக்கிறான். ஆனா அடைச்ச சனத்தைக் கொண்டுபோய் இறக்குவான். ரிக்கற்றையும் வித்துப்போட்டு, "உங்களுக்கு இடமில்லை" எண்டு சொல்லமாட்டான். இந்தக் கட்டுநாயக்கா எயாப்போட்டிலதான், கழுத்தில சீலைத்துண்டு கட்டின பெட்டையள் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறாளவை. அதுக்குப் பேர் ஓவர் புக்கிங்காம்! எங்கட ஊரில அதுக்குப் பேர் களவு. முருகா, என்ர வாயால என்னெல்லாம் சொல்லப் பண்ணுறாங்கள்...

இருங்கோ, பேப்பரைப் பிறகு பாக்கலாம். அதிலயும் சண்டைதானே கிடக்கு.

இந்தாங்கோ, இண்டைக்குத் தந்த துண்டு. சீற் நம்பர் கிடக்கே? இல்லை. "ஸ்டான்ட் பை" எண்டு கிடக்கு. நிண்டுகொண்டு பை சொல்லட்டாம்! ஆரும் வராமல் விட்டால்தான் எனக்கு இடமாம். அப்ப மற்ற ஆள் வரக்கூடாதெண்டு நான் கும்பிடுறதோ? அதுக்கொரு தேவாரம் ஆரும் பாடி வைக்கேல்லையே!

உங்களுக்கென்ன, சீற் நம்பர் இருக்கு. லீவும் இன்னும் ஒரு கிழமை கிடக்கெண்டு சொன்னீங்கள். என்ர மகள் வதனிக்கு அங்க லண்டனில வயிறு இறங்கிட்டுதாம். தலைப்பிள்ளை, தம்பி. துணைக்கு மருமகன் மட்டும்தான். சோறு வடிக்கிறது எப்பிடி எண்டு வெள்ளவத்தைக்குப் போன் எடுத்துக் கேக்கிற துணை! பிள்ளை பிறக்கமுதல் நான் போகவேணும்.

பத்தியத்துக்கெண்டு சரக்கு வறுத்து இடிச்சுக் கொண்டந்தனான். நேற்று கேற்றில ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து "மே மொக்கத்த?", இதென்ன எண்டான். "பெஹெத், மஹத்தயா" எண்டன். மருந்தெண்டு சொன்னால் நம்பினானே? நாயைக் கொண்டந்தான். அது ஒருக்கா மணந்துபோட்டு ரெண்டு தும்மல் தும்மிச்சுது. சரி, போங்கோ எண்டு விட்டிட்டான். நாய்க்கு விளங்கினது பிளேன்காரருக்கு விளங்கேல்லை.

நேற்று இடமில்லை எண்டு நீர்கொழும்பில ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோய் விட்டாங்கள். பெரிய உபகாரம்! என்ர பொலிஸ் பதிவு வெள்ளவத்தை விலாசத்துக்கு. பதிவில்லாத இடத்தில தமிழ் மனுசி படுத்திருந்தால் சும்மா விடுவாங்களே? விடியமுதல் கதவில தட்டு. இதுக்குத்தான் நான் பிளேன்காரரிட்ட ஒரு கடிதம் கேட்டனான். அவை தந்தது சாப்பாட்டுக் கூப்பன். அதுக்கு மீன் சோறு. வெள்ளிக்கிழமையில! நான் ரெண்டு வாழைப்பழத்தோட கிடந்தன்.

என்னோட ஒரு வெள்ளைக்காரனையும் நேற்று நிப்பாட்டினவங்கள். அவன் மேசையில ஓங்கித் தட்டி "இட்ஸ் மை றைற்" எண்டான். அவனுக்கு நட்டஈடு, இண்டைக்கு முன் சீற். நானும் போய் மெல்லமா "மை றைற்" எண்டன். "உங்களுக்கு அது இல்லை மடம். நீங்கள் விரும்பித்தானே விட்டுக்குடுத்தனீங்கள்" எண்டாள்.

என்ன பாக்கிறீங்கள்? ...ஓம், நான்தான் கையைத் தூக்கினனான். மைக்கில "எனி வொலன்டியர்ஸ்?" எண்டு கேட்டாளவை தம்பி. கோயில்ல அன்னதானமெண்டால் வொலன்டியர் பட்டி குத்துற முதல் ஆள் நான். பக்கத்தில ஒரு வயசாளி சில்லுக்கதிரையில இருந்தவர். அவரை ஏத்திவிட ஆள் தேடுகினமாக்கும் எண்டு நினைச்சுப்போட்டன். "தாங்க்யூ மடம், தாங்க்யூ மடம்" எண்டு பூரிச்சுப்போய் என்ர பெட்டியை இறக்கிப்போட்டாளவை! தொண்டுக்குக் கூப்பிடுற சொல்லை ஆளைக் கலைக்கிறதுக்குப் பாவிக்கிறதே? மேசையில தட்டினவனுக்கு உரிமை, நம்பிக் கை தூக்கினவளுக்குக் கூப்பன்! நல்ல நியாயம்...

உஸ்... மைக்கில ஏதோ சொல்லுறாள். கேட்டீங்களே? அதே சொல்லு! இண்டைக்கும் கூடத்தான் வித்திருக்கிறாங்கள். கையை மடியில வைச்சிருங்கோ. தலையும் சொறியாதேங்கோ, அதையும் கணக்கில எடுப்பாளவை. கொஞ்சம் பொறுத்தால் அவளவையே...

ஐயோ, என்ன தம்பி செய்யிறீங்கள்? கையை இறக்குங்கோ! இவ்வளவு நேரமும் நான் ஆருக்குக் கதைச்சனான், சுவருக்கோ?

தம்பி... பேப்பரையும் விட்டிட்டுப் போறாரே. என்னைக் காட்டி அவளுக்கு ஏதோ சொல்லுறார். முறைப்பாடாக்கும். நான் கதைச்ச கதையில மனுசன் வெறுத்துப்போனார் போல...

ஆர், மிஸிஸ் தில்லைநாதனோ? ஓம், ஓம், நான்தான் பிள்ளை. சீற் நம்பரோ? எனக்கோ? ...இது அந்தத் தம்பியின்ரையெல்லோ!

தம்பி! நில்லுங்கோ தம்பி! படிச்ச மனுசன், இவ்வளவு சொல்லியும் மண்டையில ஏறேல்லையே... முருகா, இவரை நல்லா வைச்சிரு. தம்பி! உங்களையும் நீர்கொழும்புக்குத்தான் கொண்டுபோவாங்கள். பொலிசுக்குக் காட்டக் கடிதம் கேளுங்கோ! கூப்பனோட விடாதேங்கோ! மேசையில தட்டிக் கேளுங்கோ தம்பி... நல்லா ஓங்கித் தட்டுங்கோ!