குளிரில் உறங்கும் அணுக்களைக் காத்த அக்காவுக்கு

சபையில் இருக்கும் அத்தனை பேருக்கும் வணக்கம்! எல்லோரும் சுகம்தானே? நிற்பவர்கள் உட்காருங்கள், இது கொஞ்சம் நீளும்.

செங்குருதி காத்த செம்மலே! சிரித்துக்கொண்டே சினக்கத் தெரிந்த சீமாட்டியே! முப்பத்தோரு ஆண்டுகள் எங்கள் ரத்த வங்கியில் ரத்தம் பொருத்திப் பார்த்துக் கொடுத்து, இன்று பணி ஓய்வு பெறும் அக்காவே!

குளிர்பெட்டியின் கண்ணாடியில் மூச்சுப் படிய நின்று, உள்ளே சிவப்பாய் உறங்கும் பைகளைப் பார்ப்பது உங்கள் காலை வழக்கம். ஒவ்வொரு ரத்த அணுவின் சவ்விலும் துளித்துளிப் பம்புகள். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, ஒவ்வொரு முறையும் அணுவின் சக்தியைச் செலவழிக்கும் பம்புகள். குளிரில் அவை சோர்ந்து கனவில் ஆழ, பொட்டாசியம் நாளுக்கு நாள் மெல்லக் கசிந்து வெளியே மிதக்கும் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, எங்களுக்கும் கண் சொருகும்.

ஒரு காலையை மட்டும் சபைக்குச் சொல்கிறோம். அக்கா, நீங்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

பிறந்து நான்கு நாளான குழந்தைக்கு இதய அறுவை. பழைய பை முதலில் போக வேண்டும் என்பது எங்கள் விதி. ‘அவசரம்’ என்று நாங்கள் அழைக்கும் சகா, விதிப்படி முப்பத்திரண்டு நாள் பையை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆபரேஷன் தியேட்டர் ஊழியர் அதை வைத்துப் பெட்டியை மூடும்போது அக்கா தேதியைப் பார்த்துவிட்டார்.

“இதை எடுத்துட்டுப் போகாதீங்க.”

“அக்கா, ரூல்படிதானே குடுத்தேன்?”

“பெரியவங்களுக்குச் சரிதான்பா. இத்தனூண்டு உடம்புக்குள்ள இவ்வளவு பொட்டாசியமும் ஒரேடியா போனா நெஞ்சு நின்னுடும்.”

தாமதமாகிறதே என்று தொலைபேசியில் அறுவை மருத்துவர் கொதித்தார்.

“நல்லா திட்டுங்க டாக்டர். கேட்டுக்கிட்டே வேலை பாக்குறேன்” என்ற அக்கா, மூன்று நாள் பையை எடுத்துப் பொருத்தம் பார்க்க உட்கார்ந்தார். நாற்பது நிமிடம். பிறகுதான் பை தியேட்டருக்குப் போனது.

மூன்றாம் நாள் வார்டிலிருந்து சேதி வந்தது: “குழந்தை வீல்வீல்னு அழுவுது!” அன்றைக்குத்தான் அக்கா முழுதாகச் சாப்பிட்டார். மறுவாரமே சிசுக்களுக்கென்று புதிய பைகளுக்கு ஒரு தனித் தட்டு ஒதுக்க வைத்தார்.

அக்கா, நோயற்ற உடலும் நிறைந்த உறக்கமுமாக நூறாண்டு இருங்கள்! நீங்கள் காத்த பிள்ளைகளில் ஒருவரின் முகத்தைக்கூட நீங்கள் பார்த்ததில்லை. எங்களிடம் இருப்பவை பை எண்கள் மட்டுமே. ஆகவே சபையோரே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இங்கிருந்து ரத்தம் வந்திருந்தால், அந்தப் பிள்ளை இப்போது என்ன செய்கிறது, எவ்வளவு குறும்பு என்று ஒரு வரியாவது எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அக்கா வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டுவது எங்கள் பொறுப்பு.

அன்பில் நனைந்து,
ரத்த வங்கிப் பணியாளர்கள்