மேப்பிள் மரத்தைக் கேட்டு ஒரு கலியாணம்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், ஒரு புடவைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் தன் மாமியிடம் சொன்னாள்:

“மேப்பிள் மரத்தைக் கேட்டுத்தான் என்ரை கலியாணத்துக்கு நாள் வைக்கவேணும், மாமி.”

“உனக்கென்ன விசரே? ஐயரைக் கேளடி.”

“அண்ணை கனடாவிலை பாகு காய்ச்சுற தோட்டத்திலை மரத்துக்கு மரம் வாளி கட்டிப்போட்டு நிக்கிறார். இரவு உறைஞ்சு பகல் இளகினால்தான் மரத்திலையிருந்து இனிப்பு நீர் வடியும். அது முடியாமல் லீவு இல்லை.”

“மண்டபம் கைவிட்டுப் போயிடுமே?”

“போகட்டும். அந்தக் குளிருக்கை நிண்டு என்னைப் படிப்பிச்சவர். அவர் கழுவாமல் மாப்பிள்ளையின்ரை கால் மணவறை ஏறாது.”

மாமி சிரித்தார். “அப்ப மாப்பிள்ளை அழுக்குக் காலோடை நிக்கட்டும்.”

அவளையும், நான் காணாத அந்த அண்ணனையும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. என் தங்கையும் எனக்காக ஒருமுறை தன் கலியாண நாளைத் தள்ளிவைத்தாள். எனக்கு விடுமுறை இருந்தது, நான் போகவில்லை. மாப்பிள்ளையின் காலைப் பக்கத்து வீட்டுக்காரர் கழுவினார்.