ஆறு பொட்டிச் செவுரு

அந்த பெஞ்சு வேணாங்க சார், இங்க வாங்க, எங்கிட்ட ஒட்டி உக்காருங்க. ஆங், இன்னும் கொஞ்சம் தள்ளி, தூணுக்கு இந்தப் பக்கம். இப்ப சரி. எதுக்குன்னு கேக்காதீங்க, சொல்றேன். பாக்கியமேரி, சாருக்கு ரெண்டு ஜிலேபி மீனு வறுத்துக் கொண்டா, மொறுமொறுன்னு இருக்கணும்.

சர்க்கர மில்லுக்குப் புதுசா வந்தவரு தான? சட்டையிலயே பாகு வாசம் வருதே. லீவு சொல்லிட்டு மேட்ச்சு பாக்க வந்திருக்கீங்க, நல்லது. எங்க பாக்கறீங்க, எதிர்க்கடையவா? அதான பாத்தேன். இந்தச் சந்துக்குள்ள நொழையற எல்லாருக்கும் கழுத்து தானா அந்தப் பக்கம் திரும்பிக்கிது. ஒம்போது மணிக்குத் தான் ஆரம்பிப்பாங்க சார். பம்பாய்ல இன்னும் டாஸே போடல. செமி பைனலு எங்கயும் ஓடிப் போயிடாது, உக்காருங்க.

எங்கடையும் நல்லாத்தான் ஓடிட்டிருந்துது. சந்து முனையில பிராந்திக்கட. வாங்கறவனுக்கு உக்கார ஒரு எடம் வேணும், கடிக்க ஒரு துண்டு மீனு வேணும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ரெண்டுக்கும் பாருன்னு தான் பேரு. தக்காளி மண்டி காலையிலயே முடிஞ்சிடும், கூட எறக்கினவன், ஏத்தினவன், வித்தவன், எல்லாம் நேரா இங்க தான். எம் பக்கம் கூட்டம் ஒரு கை கூடவே இருக்கும். இருந்துதுங்க.

வேர்ல்டு கப்பு நம்ம நாட்டுலயே நடக்கப் போவுதுன்னு பேச்சு வந்துதா, அப்ப லாரி ஓட்ற சென்னப்பன் இதோ இந்த பெஞ்சுல உக்காந்து சொன்னான். பம்பாய்க்கு லோடு ஏத்திட்டுப் போனவன். அங்க ஒரு பெரிய ஓட்டல்ல செவுரு பூரா டி.வி.யாம். ஒண்ணு மேல ஒண்ணு, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு, எல்லாம் சேந்து ஒரே படமாம். பந்து போட ஓடியார்றவன் பனமர ஒசரத்துக்கு ஓடியார்றானாம், பாக்கறவன் டம்ளரத் தூக்கிக்கிட்டு ஒதுங்கறானாம். அதக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. எதுக்கால பாத்தா அவனும் வாசல்ல நின்னு காதத் தீட்டிக்கிட்டிருக்கான். இவன் செய்யறதுக்குள்ள நான் செஞ்சிடணும்னு வந்துது பாருங்க ஒரு வெறி.

புதுசு வாங்க நான் என்ன மில்லு மொதலாளியா? கறவ மாட்ட வித்தேன். எம் வீட்டுக்காரி பாக்கியமேரி கண்ணத் தொடச்சிக்கிட்டே கயித்த அவுத்துக் குடுத்தா. பெங்களூர் போயி, தெருவோரத்துல குமிச்சி வெச்சிருக்கற பழய டி.வி.ங்களப் பொறுக்கினேன். கதவு வெச்சது ஒண்ணு, கதவு போனது ஒண்ணு, குமிழே இல்லாம கொறட்டால திருவறது ஒண்ணுன்னு ஆறு பொட்டி. தக்காளிப் பெட்டிங்கள அடுக்கி, கயிறு போட்டு இறுக்கி, மூணு மேல மூணு வெச்சேன். தேர்ல ஏத்தறதுக்கு முந்தி மாதா சொரூபத்த மூடி வெப்போமே, அதுமாதிரி வெள்ளத் துணி போட்டு மூடினேன்.

கப்பு ஆரம்பிக்கறதுக்கு முந்தி டி.வி.யில பழய மேட்ச்சுங்களப் போட்டாங்களே, அப்ப ஊரக் கூப்ட்டு வெச்சி தொறந்தேங்க. என்ன வந்துது? பனமர ஒசரத்துக்கு ஒருத்தன் வருவான்னு பாத்தா, வெண்டக்கா ஒசரத்துக்கு ஆறு பேரு ஓடியார்றாங்க. ஆறு பொட்டியிலயும் அதே ஆளு, அதே படம். நான் நெனச்சது என்னன்னா சார், ஒட்டி வெச்சிட்டா அதுங்களே பேசிப் பிரிச்சிக்கும், நீ தலயக் காட்டு, நான் காலக் காட்டறேன்னு. சிரிங்க, பரவால்ல. ரேடியோ ரிப்பேரு குப்புராஜ் வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சான். அண்ணே, படத்தத் துண்டு போட்டுக் குடுக்க அதுக்குன்னு ஒரு மிஷினு இருக்குது, இந்த ஜில்லாவையே வித்தாலும் அது வராதுன்னான். போதாததுக்கு ஒரே ஆன்டெனா ஒயர ஆறாப் பிரிச்சிக் குடுத்திருந்தேனா, பெங்களூர்ல இருந்து வர்ற படம் இங்க வந்து சேர்றதுக்குள்ளயே களச்சிப் போயித் தான் வரும், அத ஆறு பேருக்குப் பங்கு போட்டா? ஒவ்வொருத்தன் பின்னாலயும் அவன் ஆவி ஒண்ணு ஓடுது. மாட்டயும் வித்தாச்சி, பாலும் தண்ணியாப் போச்சின்னா பாக்கியமேரி.

ஊரே சிரிச்சிது. அவன் ஒருத்தன் தான் சிரிக்கல. அந்தப் படியில நின்னு பாத்தான், உள்ள போயிட்டான். சிரிச்சிருந்தா ஓடிப்போயி ஒரு அறையாவது குடுத்திருப்பேன்.

அப்பறம் அவன் பண்ண வேலயக் கேளுங்க. ஒரே ஒரு டி.வி. தர்மபுரியில ஏதோ சலூன் கடைய இடிச்சாங்களாம், அங்க இருந்த கண்ணாடிங்கள எல்லாம் வைக்கோலு போத்தி வண்டியில கொண்டாந்து எறக்கறான். பாருல என்ன பொண்ணு அலங்காரமான்னு நான் ரோட்டப் பாத்துக் கேட்டேன். நாங்க நேரா பேசிக்கறதில்லீங்க. அவன் பாட்டுக்கு செவுத்துக்கு ஒண்ணு, தூணுக்கு ஒண்ணு, குனிஞ்சாப்ல ஒண்ணு, சாஞ்சாப்ல ஒண்ணுன்னு மாட்டிட்டு டி.வி.யப் போட்டான். எங்க திரும்புனாலும் மேட்ச்சு. ஒரு பொட்டி, செவுரு பூரா படம். கரண்டு? ஒண்ணுக்குத் தான். கண்ணாடிக்கு எவன் கரண்டு குடுக்கறான்?

வயிறு எரிஞ்சிது சார். பச்ச மொளகாவ அரச்சிப் பூசினாப்ல எரிஞ்சிது.

நடுவுல ஒரே ஒரு நாளு ஆறுதலு. கண்ணாடியில எடது வலதாயிடும் இல்ல? சோத்துக் கையில ஆடறவன் பீச்சக் கையில ஆடறான். ஸ்கோரு எழுத்து முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிது. பொட்டியப் பாத்தவன் ஒருத்தன், கண்ணாடியப் பாத்தவன் ஒருத்தன், பந்து இந்தப் பக்கம் போச்சா அந்தப் பக்கம் போச்சான்னு ரெண்டு பேரும் சட்டயப் புடிச்சிக்கிட்டாங்க. அந்தோணியாரே, சண்ட இன்னும் கொஞ்சம் பெருசாவட்டும், உனக்கு ஒரு கட்டு மெழுகுவத்தி ஏத்தறேன்னு வேண்டிக்கிட்டேன். எங்க! மறுநாளே அவன் பொட்டியத் திருப்பி மூலையில வெச்சி, அதுக்கு எதுக்கால பெரிய கண்ணாடி ஒண்ண நிறுத்தி, அதுல உழுந்தத மத்த கண்ணாடிங்க வாங்கிக்கறாப்ல பண்ணிட்டான். முடி வெட்டி முடிச்சதும் பின்னால ஒரு கண்ணாடியக் காட்டுவாங்களே, அந்த வித்த தான். ரெண்டு தரம் திரும்பினா நேராயிடுது. இதெல்லாம் அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கறேன்? அவனும் என்னாட்டம் அஞ்சாவதோட நின்னவன் தான். வாங்கி வெச்ச மெழுகுவத்தி எங்கடையில கரண்டு போறப்ப தான் ஒதவுச்சி.

என்ன சார், அங்க ஒரு தரம், எம் மூஞ்சிய ஒரு தரம்னு மாத்தி மாத்திப் பாக்கறீங்க? மீனு ஆறுது, சாப்புடுங்க.

போன மாசம் மெட்ராஸ்ல ஆஸ்திரேலியாக்காரனோட ஆடினோமே, ஒரு ரன்னுல போச்சே, அன்னிக்கு நான் ஆறு பொட்டியயும் போட்டேன். ஒண்ணு போதுங்க, அது தெளிவாவாவது தெரியும்னா பாக்கியமேரி. ஒண்ணப் போட்டா அவனுக்கும் எனக்கும் என்னா வித்தியாசம்? போட்டேன். கூட்டமும் வந்துதுங்க, ஆவி படமானாலும் மீனுக்குன்னு வந்துது. மேட்ச்சு முடியற நேரம், கெணத்து மோட்டாரு எல்லாம் ஓடுது, வோல்டேஜ இழுக்குது. படம் சுருங்கிச் சுருங்கி வந்துது. டப்புன்னு ஒரு சத்தம். தக்காளிப் பெட்டி கருகற வாசன. நம்ம ஆளுங்களுக்கு முந்தி எம் பொட்டிங்க ஆறும் ஆல் அவுட்டு.

கூட்டம் தட்ட வெச்சிட்டு எழுந்திரிச்சிது. எதுக்கால போனா அங்க காலு வெக்க எடமில்ல, சந்துலயே நின்னு எட்டி எட்டிப் பாக்கறாங்க. இங்க நானும் கருகின பொட்டிங்களும். இனிமே இந்தச் சந்துல எனக்குப் பொழப்பில்ல, கடைய இன்னிக்கோட மூடிடலாம்னு வாசத் தட்டியத் தூக்கிட்டேன் சார்.

அப்பத்தான் அவன் உள்ள இருந்து ஒரு கண்ணாடியத் தூக்கிட்டு வர்றான். சலூன் கண்ணாடி இல்ல. மரச்சட்டம் போட்டது, மேல ரெண்டு கிளி செதுக்கியிருக்கும், ஒரு கிளிக்கு மூக்கு இருக்காது. எனக்குத் தெரியாதா? உண்டிகோல்ல அடிச்சி ஒடச்சவனே நான் தான். எங்கப்பன் போயி பாகம் பிரிச்சப்ப, மாடு எனக்கு, கட்டிலு எனக்கு, பித்தள அண்டா எனக்குன்னு நான் அடுக்கிக்கிட்டே போறேன், இவன் கண்ணாடி போதும்னான். பொம்பளயாட்டம் கண்ணாடி கேக்கறாம் பாருன்னு சிரிச்சேன். நான் வித்தேன்னேனே, அது அந்த மாட்டோட கன்னு தான். ஆமாங்க, தம்பி தான். கூடப் பொறந்தவன். பிலவேந்திரன்னு பேரு. ஏன், நான் சொல்லலயா?

அத அவன் கட வாசத் தூண்ல மாட்டினான். கூட்டத்துக்கு இல்ல. பாதி மூஞ்சி அவன் கடைக்கு, பாதி மூஞ்சி எங்கடைக்கு. தள்ளி நின்னு பாத்தான், இன்னும் கொஞ்சம் சாச்சான். சந்துல நின்னவன் ஒருத்தன் திரும்பிப் பாத்துட்டு, டேய், சவரியண்ணன் பெஞ்சுல நல்லாத் தெரியுதுடான்னு கத்தினான். அத்தன பேரும் திரும்ப வந்து உக்காந்துட்டாங்க. ஆம்லெட்டு கேட்டாங்க. தட்டிய கீழ வெச்சிட்டு அடுப்புக்குப் போனேன், வேற என்ன பண்ணச் சொல்றீங்க? கடசி ஆளு அவுட்டானப்ப சந்து பூரா தலயில கை வெச்சிது. நானும் வெச்சேன். எனக்கு அந்த ஒரு ரன்னு நோவலீங்க.

அன்னையில இருந்து அது அங்கயே தான் தொங்குது. அவனும் ஒரு வார்த்த பேசல, நானும் பேசல. எங்கடையில எவன் உக்காந்து எந்த மேட்ச்சு பாத்தாலும் அது அவன் குடுக்கற படம் தான். அதுக்குத் தான் உங்களயும் இந்த பெஞ்சுக்குக் கூப்ட்டது. ஏன் கழுத்த நீட்டறீங்க, தெரியலயா? ஒசரம் கம்மி உங்களுக்கு. கோணிய மடிச்சிப் போடட்டுமா?

இருங்க, இருங்க, எழுந்திரிக்காதீங்க. அவன் வெளிய வர்றான். இந்தப் பக்கம் பாக்க மாட்டான், கவனிச்சிக்கங்க, எம் மூஞ்சிய என்னிக்கும் பாக்க மாட்டான். உங்களத் தான் ஓரக்கண்ணால அளக்கறான். ஸ்டூலு போட்டு ஏறிட்டான் பாத்தீங்களா. வயிறு எரியுது சார், பாருங்க, சட்டப் பையில இருந்து தீப்பெட்டிய எடுத்து, கண்ணாடிக்குப் பின்னால மேல சொருவி, உங்க கண்ணு ஒசரத்துக்குக் குனிய வெச்சிட்டுப் போறான்.