இடப்பக்கம் பதினாறு, கீழே எட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த நாற்காலி ஆடும், தம்பி, இதில் உட்காருங்கள். தாளின் மேலே 'வாக்குமூலம்' என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எனக்குக் கதையாகத்தான் சொல்ல வரும். ஒன்றையும் விடாமல் சொல்கிறேன். அதற்கு முன்னால், மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். துணியில் இருக்கும் தூசியே கீறிவிடும். முதலில் தூசியை ஊதி விரட்ட வேண்டும், பிறகுதான் துணி. இருபத்தாறு வருடம் நான் பார்த்த வேலை இதுதான்.

காவல் படையின் ஆயுதப் பட்டறையில் எனக்கு ஒரு ஜன்னலோர மேசை. படிப்பு எட்டாவது, மீதியெல்லாம் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டது. துப்பாக்கியின் முதுகில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன் கண்ணாடி வழியே பார்த்தால், சிவப்பாய் ஒரு வளையமும் நடுவே ஒரு புள்ளியும் தூரத்தில் காற்றில் தொங்குவது போலத் தெரியும். ஹோலோகிராபிக் சைட் என்று பெயர். நாங்கள் 'வளையம்' என்போம். புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே குண்டு போக வேண்டும். போக வைப்பது என் வேலை.

வளையம் மங்கினால் பாட்டரித் தகட்டில் பச்சை பூத்திருக்கும். ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும். குண்டு சிதறினால் பெட்டியைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்திருக்கும். அதற்காகவே திருகாணி மேல் வெள்ளைக் கோடு போட்டு வைப்போம். கோடு விலகினால் ஆணி நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். படையில் 'கழுகு' என்று ஒருவர் இருந்தார். வளையம் நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரிகிறதென்று மூன்று முறை பெட்டியை மாற்றினார். நான் அவருடைய போனை வாங்கி அந்தக் கண்ணாடி வழியே ஒரு படம் எடுத்துக் காட்டினேன். படத்தில் வளையம் மொழுமொழுவென்று இருந்தது. "சைட் நல்லாத்தான் இருக்கு சார். கழுகுக்குத்தான் கண்ணாடி வேணும்," என்றேன். பட்டறையே சிரித்தது.

என் மாப்பிள்ளையும் அந்தப் படையில்தான். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவர்கள் என் வீட்டிலேயே இருந்தார்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வயது மூன்று. அவளும் நானுமாக அத்தனை வருடம் ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள். மாப்பிள்ளை தங்கமானவர். குரல் உயர்த்த மாட்டார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

உயர்நிலைச் சுடும் தேர்வில் தேறினால் அவரை வேறு ஊருக்கு மாற்றுவதாக உத்தரவு வந்தது. ரயிலில் இரண்டு நாள் தூரம். குடும்பத்தோடு தங்க வீடும் தருவார்களாம். என் பெண் அன்று குதித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அங்க வீட்டுக்கு மாடி இருக்காம். நீயும் வந்துடு."

"நான் எதுக்குடி? என் மேசையை யார் பாக்கிறது?"

"மேசையா, நானா?"

"நீ போறவதானே," என்றேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கை பேசியதாக நினைத்துக்கொண்டாள்.

தேர்வு வெள்ளிக்கிழமை. ஐம்பது மீட்டரில் உள்ளங்கை அகல வட்டம். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே அடிப்பார். இந்த ஒரு முறை தவறினால் மூன்று வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. மூன்று வருடம் எனக்குப் போதும் என்று தோன்றியது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாத ஏற்பாடு.

எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். பழுது பார்த்த துப்பாக்கியை நான் தாங்கியில் வைத்துச் சுடுவேன். வளையத்தின் பெட்டியில் இரண்டு திருகுகள். காசு நுனியால் திருப்பலாம். ஒரு க்ளிக் திருப்பினால் ஐம்பது மீட்டரில் குண்டு ஏழு மில்லிமீட்டர் நகரும். மூன்று ஓட்டைகள் நடுவில் ஒன்றாக விழுந்ததும் அந்தத் தாளைத் துப்பாக்கியோடு கட்டிக் கொடுப்பேன். வாங்குபவரும் தன் பங்குக்கு ஐந்து குண்டு சுட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் சுடுவார்கள். மாப்பிள்ளை மட்டும் சுட மாட்டார்.

வியாழக்கிழமை காலையும் சுடவில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட 'குண்டூசி' கேட்டான். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும்.

"என்ன சார், சுட்டுப் பாக்கலையா? மாமியார் மேல அவ்வளவு பயமா?"

"அத்தை வச்ச புள்ளியை நான் சோதிச்சா, ராத்திரி எனக்குச் சோறு கிடைக்காதுய்யா," என்றார் மாப்பிள்ளை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தாளில் மூன்று ஓட்டைகளும் நடுவில்தான் இருந்தன. நான் பொய்த்தாள் கட்டவில்லை. சுட்டது உண்மை, விழுந்ததும் உண்மை. அதற்குப் பிறகுதான் காசை எடுத்தேன். இடப்பக்கம் பதினாறு க்ளிக், கீழே எட்டு.

ஏன் அந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். திருகாணியைத் தளர்த்தினால் குண்டு சிதறும்; சிதறினால் கருவியில் கோளாறு என்று என் மேசைக்கே வந்துவிடும். வலது கைக்காரன் பதறி விசையைப் பிடுங்கினால் குண்டு இடதும் கீழுமாகத்தான் போகும். தேர்வாளர்களுக்கு அது மனப்பாடம். 'கை பதறிவிட்டது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்சம் யோசித்துத்தான் செய்தேன்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மணி அடித்தது. கடைத்தெருவில் ஒரு கூரியர் ஆபீஸ். கவுண்டரில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் கழுத்தில் ஒருவன் கத்தியை வைத்துக்கொண்டு நிற்கிறானாம். மாப்பிள்ளையின் குழு வண்டியில் ஏறிப் போனது. நான் அப்போது ஒரு பாட்டரித் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தேன். சொல்ல வேண்டியது ஒரு வரிதான். அந்தத் துப்பாக்கியைத் தொடாதீர்கள் என்றால் போதும். பிறகு ஏன் என்று கேட்பார்கள். என் பெண்ணும் கேட்பாள். இந்த மாதிரிச் சம்பவம் பத்தில் ஒன்பது பேச்சிலேயே முடிந்துவிடும். சுட்டாலும் குழுவில் ஆறு பேர், மாப்பிள்ளைதான் சுட வேண்டும் என்று என்ன இருக்கிறது. போனை வைத்துவிட்டேன். குண்டு வெடிக்க அப்போது இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அந்த நேரத்தில் நான்கு தகடுகளைத் தேய்த்து முடித்தேன்.

கத்தி வைத்திருந்தவன் உயரமானவன். அந்தப் பெண்ணைத் தனக்கு முன்னால், சுடுபவர் பார்வைக்குக் கொஞ்சம் இடப்புறமாகப் பிடித்திருந்தான். அவள் தலை அவன் தாடை வரைதான் வந்தது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டாம். உங்கள் கோப்பில் இருக்கிறது.

சாயங்காலம் துப்பாக்கி பட்டறைக்கே வந்தது. சீல் வைப்பது மறுநாள் காலை என்பது அங்கே நடைமுறை. வலப்பக்கம் பதினாறு, மேலே எட்டு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. விசாரணையில் சுட்டுப் பார்த்தபோது மூன்றும் நடுவில் விழுந்தன. கருவியில் குறையில்லை என்று எழுதினார்கள்.

மாப்பிள்ளை ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத்தை, புள்ளி அவன் நெத்தியிலதான் இருந்துச்சு. எனக்கு நல்லாத் தெரியும்."

"பதட்டத்துல அப்படித்தான் தோணும் மாப்பிள்ளை."

"சைட்டுல ஏதாவது..."

"தாள்ல மூணு ஓட்டை இருக்கே. நீங்களே பாத்தீங்களே."

அவர் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்க அத்தை. போயும் போயும் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்," என்றார். நான் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டேன். பரவாயில்லை என்று சொன்னேன்.

செத்த பெண்ணின் அம்மாவை ஒரு முறை பட்டறை வாசலில் பார்த்தேன். வெயிலில் நின்றாள், பாவம். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்திருந்துவிட்டு, குடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கும் ஒரே பெண்ணாம். ஏழு வருடம் விடாமல் மனுப் போட்டு, சம்பவ இடத்தில் துப்பாக்கியை எடுத்த, நீங்கள் கொண்டுவந்திருக்கும் இந்தப் படத்தை அவள் வாங்கியிருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். இதில் திருகின் பள்ளம் சாய்ந்திருக்கிறது, விசாரணைப் படத்தில் நேராக இருக்கிறது. கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம்தான். என் பட்டறையில்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

வேறென்ன கேட்டீர்கள்? என் பெண்ணா? இருக்கிறாள், கண்ணு. இதோ வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்துவிடுவாள். மாப்பிள்ளை அந்த உள்ளறையில்தான் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டார். வலது கையால் டம்ளர் பிடிக்க மாட்டார். நாம் பேசுவது கேட்டிருக்கும், கதவு மெல்லியது. ஏழு வருடத்தில் இந்த வீட்டில் ஒரு சண்டை கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. யாரும் பேசுவதே இல்லை என்றால் பாருங்களேன். பேத்திக்குப் பதினொரு வயது. அவளும் எங்கும் போக ஆசைப்படுவதில்லை. எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் செய்தது என் குடும்பம் கலையாமல் இருக்கத்தான். அது கலையவில்லை.

எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உங்களுக்கும் வீட்டில் காத்திருப்பார்கள், நேரமாகிறது. நல்லா இருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பெற்ற பிள்ளைகள் உங்கள் கண்ணெதிரிலேயே வாழட்டும். எங்கள் வீட்டைப் போலவே உங்கள் வீட்டிலும் யாரும் யாரையும் விட்டுப் போகாமல் இருக்கட்டும்.