கலையரசி படிச்ச அன்னிக்கி

ஆமாங்க, ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்தான். ஆரணியிலயே. அஞ்சாங்கிளாஸ் எடுத்துக்கோங்கன்னு எச்.எம். எத்தினியோ வாட்டி கேட்டாரு. நான்தான் வேணான்னுட்டேன். எனக்குச் சின்னதுங்கதான்.

எல்லாரும் உங்கள மாதிரிதான் கேக்கறாங்க, ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கறதுல என்ன இருக்குதுன்னு. எழுத்தோட பேர மொதல்ல சொல்லக் கூடாதுங்க. சத்தம்தான் மொதல்ல. ம்-னு சொல்லுடா, மூக்கு மேல வெரல வெச்சுப் பாரு, கிர்ருனு இருக்குதா? ப்-னு சொல்லு, ஒதடு ஒட்டுதா? இப்படியே வெளையாடிகினு இருந்தா, ஒரு நாளு தானாவே கூட்டிப் படிச்சிடும். அப்ப அதுங்க மொகத்தப் பாக்கணுமே.

கலையரசின்னு ஒரு பொண்ணு. வீட்ல தறி. அப்பா அம்மா ரெண்டு பேருமே பட்டு நெய்யறவங்க. ஜூன் மாசம் வந்து சேந்துச்சு, வாயே தெறக்கல. அவங்கம்மாவக் கூப்ட்டுக் கேட்டா, வீட்ல ஓயாம பேசுது டீச்சர், தறி சத்தத்துக்கு மேல கத்துதுன்றாங்க. இஸ்கூலுக்குள்ள வந்தா பேச்சு நின்னுடும். பக்கத்து கிளாஸ் ஆதிலட்சுமி டீச்சர், இதோட மல்லுக்கட்டாதீங்க, டாக்டர்கிட்ட அனுப்புங்கன்னாங்க. நான் வுடல. எம் பக்கத்துலயே உக்கார வெச்சுகினேன். அவ கைய எடுத்து எந் தொண்டையில வெச்சு ம்-னு சொல்லுவேன். அப்பறம் எங் கைய அவ தொண்டையில வெப்பேன். ரொம்ப நாளு ஒண்ணுமில்ல. பொங்கல் லீவு முடிஞ்சு வந்தப்ப, தொண்டை லேசா அதிர்ந்துச்சுங்க. நான் யாருகிட்டயும் சொல்லல. ஆளாளுக்கு வந்து கேட்டா பயந்துடும்.

வீட்டுக்காரரா? செய்யாறுல கம்பெனி வேலை, ஷிஃப்ட்டு. அவரு வரசொல்ல நான் தூங்கிகினு இருப்பேன், நான் கெளம்பசொல்ல அவரு தூங்குவாரு. கொழம்பு ஃபிரிட்ஜுல இருக்குது, சுட வெச்சுக்கோங்கன்னு ஒரு மெசேஜு. சரின்னு ஒரு மெசேஜு. அவ்ளோதான் எங்க பேச்சு. புள்ளைங்க இல்ல. அத வுடுங்க.

போன வாரம், போர்டுல பட்டம் பறந்ததுன்னு எழுதிப் போட்டு, யாரு படிக்கறீங்கன்னு கேட்டேன். கலையரசி எழுந்து வருது. எங் கையில இருந்த குச்சிய வாங்கிகிச்சு. ஒவ்வொரு எழுத்து மேலயும் வெச்சுகினே போவுது, வாய் அசையுது, கடசி எழுத்து வரைக்கும். புள்ளைங்க அப்படியே பாத்துகினு இருக்குதுங்க. அப்பறம் மொத்த கிளாசும் கை தட்டுது. மாணிக்கவேல்னு ஒரு வாலு, பெஞ்சு மேல ஏறிக் குதிக்கறான். நானும் தட்டனேன். தூக்கிகினேன். அது எங் கழுத்தக் கட்டிகினு வுடவே இல்ல.

மறுநாளு அவங்கம்மா தறியில இருந்து அப்படியே எழுந்து வந்துட்டாங்க, பொடவையில நூலு ஒட்டிகினு. எப்படிப் படிச்சா டீச்சர், சத்தமாவா, மெதுவாவான்னு கேக்கறாங்க. கணீர்னு படிச்சுதுன்னேன். அவங்க அழுதாங்க. நானும் அழுதேன்.

நானா? வேலூர் ஆஸ்பத்திரிக்குங்க. காது. ரெண்டு வருசமா கொறைஞ்சுகினே வந்து, இப்ப நம்ம பஸ்ஸு ஹாரன் கூட எங்கியோ தூரத்துல அடிக்கிற மாதிரிதான். கலையரசி கொரலு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. ஒதட்டப் பாத்து, தொண்டையத் தொட்டுப் பாத்துத்தான் கிளாஸ ஓட்டிகினு இருக்கறேன். இஸ்கூல்ல யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன், நீங்க ஊரு பேரு தெரியாதவங்கன்றதால சொல்ல வருது. மெஷின் வெச்சா கேக்குமான்னு இன்னிக்கு சொல்லுவாங்க. கேக்காதுன்னுட்டா நாளைக்கே எச்.எம்.கிட்ட சொல்லிடணும். வேற டீச்சர் வரட்டும். புள்ள தப்பாப் படிச்சா திருத்தறதுக்கு ஒருத்தரு வேணும் இல்ல.

ஏதோ சொன்னீங்களா? ஜன்னலப் பாத்துகினு சொன்னா எனக்குத் தெரியாதுங்க. கொஞ்சம் இப்படித் திரும்பிச் சொல்லுங்க.