அயிரையின் ஏழாவது கிளை

எனக்கு மீன் வாடை ஆகாது, இன்ஸ்பெக்டர் சார். இருபத்திரண்டு வருஷமாக அயிரை மீனை ஆராய்கிறேன், மூக்கில் கைக்குட்டையோடு. உரக்கடைக்காரர் அந்தக் கைக்குட்டையைத்தான் உங்களிடம் அடையாளம் சொல்லியிருக்கிறார். மறுப்பது நாகரிகமில்லை.

என் வேலை எளியது. எந்த மீன் எதிலிருந்து பிரிந்தது என்று ஒரு மரம் வரைவேன். கிளைகளையும் அவை பிரிந்த காலத்தையும் வைத்து, புது இனங்கள் என்ன வேகத்தில் உண்டாகின்றன என்று கணக்கிடுவேன். அயிரைக்கு ஆறு கிளை. கடைசிக் கிளை பிரிந்து இருபது லட்சம் வருஷம். இனிமேல் பிரியாது என்று எழுதினேன். ஜூலையில் டெல்லி மாநாட்டில் வாசிக்க அழைப்பு வந்தது. கோட்டு தைக்கக் கொடுத்தேன்.

மே மாதம் என் மாணவன் அழகுமலை ஒரு பாட்டிலோடு வந்தான். ஊர் சமயநல்லூர்ப் பக்கம்.

"சார், இது வேற அயிரை. எங்க ஆத்தா பாத்தவுடனே பிரிச்சுப்புடும். எங்க கண்மாயில மட்டுந்தேன் கெடக்கு."

அறுத்துப் பார்த்தேன். ஏழாவது கிளை, அண்மையில் பிரிந்தது. வாத்தியார் கணக்கைக் கெடுக்கிறோமே என்ற கூச்சம்கூட அவனுக்கு இல்லை. ஆனாலும் நல்ல பையன்.

உயிரோடிருக்கும் இனங்களைத்தான் நான் எண்ணுவேன். கோடையில் கண்மாய் குட்டையாகச் சுருங்கியிருந்தது. இரண்டு டப்பா எண்ட்ரின் பூச்சிமருந்து போதுமானதாக இருந்தது.

யாருக்கும் கெடுதல் வராதபடி யோசித்துத்தான் ஊற்றினேன். அயிரையை உயிரோடுதான் வாங்குவார்கள், பாலில் நீந்தவிட்டு மண்ணைக் கக்கிய பிறகே குழம்பு வைப்பார்கள், செத்ததைத் தொடமாட்டார்கள் என்று எங்கள் பியூன் மலையாண்டி சொல்லியிருந்தார். நான் மீன் சாப்பிடாதவன். கேள்வி ஞானம் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் அழகுமலையின் தாயார் முருகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துடிச்சுக்கிட்டுத்தேன் சாரு கெடந்துச்சு. உசுரோடதான இருக்குன்னு அள்ளியாந்து ஆக்குனேன். பசியோட வந்தான்னு புள்ளைக்கு மொதல்ல போட்டேன். நான் இன்னும் வாயில வைக்கல சாரு."

அந்தக் கையில் குழம்பு வாடை அடித்தது. கைக்குட்டையை எடுக்காமல் பொறுத்துக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பையன் போனதில் எனக்கு வருத்தம்தான். கட்டுரையின் அடியில் அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். மற்றபடி, மனிதரில் ஒருவர் குறைந்தால் ஓர் இனம் அழிந்துவிடாது. நீங்கள் வேண்டுமானால் கண்மாயில் இறங்கித் தேடிப் பாருங்கள். அயிரைக்கு ஆறு கிளைதான், சார். என் கணக்கில் தவறில்லை.